மத்தாரே திடலிலிருந்து: வளர்ச்சி உதவிப் பணமும் விளையாட்டும்

1. கேள்வி

2024இல் வசதியுள்ள நாடுகள் ஏழை நாடுகளுக்குக் கொடுத்த அதிகாரபூர்வ வளர்ச்சி உதவி ஏறத்தாழ 21,200 கோடி டாலர். முந்தைய ஆண்டைவிட இது சுமார் 7 விழுக்காடு குறைவு. அடுத்த ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் மூடப்பட்டது. தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை உதவிக்கு ஒதுக்கிவந்த பிரிட்டன், 2021இல் அதை 0.5 ஆக்கியது, 2027க்குள் 0.3க்கு இறக்கப்போவதாகவும் அறிவித்துவிட்டது. கை இறுகும் காலத்தில் எதை முதலில் வெட்டலாம் என்று பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலின் உச்சியில் விளையாட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். மருந்துக்கும் குடிநீருக்கும் பணம் போதாதபோது பந்துக்கு எதற்கு என்று கேட்பவரை இரக்கமற்றவர் என்று ஒதுக்க முடியாது. அவருக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டிய கடமை விளையாட்டின் பக்கம் பேசுகிறவர்களுக்கு இருக்கிறது.

அந்தப் பதிலை இங்கே சொல்ல முயல்கிறேன். விளையாட்டுக்கு உதவிப் பணம் தரத் தகும். ஆனால் அதன் பயன் பந்தாலோ அரங்கத்தாலோ கோப்பையாலோ விளைவதில்லை. ஒரே திடலில், அதே பிள்ளைகளோடு, பருவம் தவறாமல் ஆண்டுக்கணக்கில் நிற்கும் உள்ளூர்ப் பயிற்றுநராலும், அந்தத் திடலுக்கென்று ஊரார் வகுத்துக்கொண்ட விதிகளாலும் விளைகிறது. பணம் அங்கே போய்ச் சேராதபோது, கேள்வி கேட்டவர் சொல்வதே சரியாகிவிடுகிறது.

2. எதை விளையாட்டு உதவி என்கிறோம்

கொடைநாடுகளின் கணக்கு விதிகளில் இதற்கு ஒரு வரையறை உண்டு. பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பின் விதிப்படி, பயிற்சி வசதிகளும் விளையாட்டு அரங்கங்களும் அமைத்துக் கொடுப்பதை வளர்ச்சி உதவியாகக் கணக்கில் காட்டலாம். விளையாட்டு வீரர்களின் பயணச் செலவை ஏற்பதைக் காட்ட முடியாது. கொடுக்கும் நாட்டின் புகழ் பரப்பும் வேலைக்கு உதவி என்ற பெயர் கிடைக்கக் கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் இந்த விதி கட்டடத்துக்குக் கதவைத் தாராளமாகத் திறந்து வைத்திருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். புகழ் பரப்புவதற்குக் கட்டடத்தைவிடப் பொருத்தமானது வேறென்ன?

இந்த விதிக்கு வெளியே நின்று கொடுக்கும் சீனாவின் அரங்க நட்புறவு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஆப்பிரிக்காவில் 1970இல் சான்சிபாரின் அமான் அரங்கத்தில் தொடங்கியது அந்த வரிசை. தான்சானியாவின் தார்-எஸ்-சலாமில் 2007இல் 60,000 பேர் அமரும் தேசிய அரங்கம் எழுந்தது. 2010 ஆப்பிரிக்கக் கோப்பைக்காக அங்கோலாவின் நான்கு நகரங்களில் சீன நிறுவனங்கள் அரங்கங்கள் கட்டின. தேசிய அணி ஆடும் நாளில் அந்த அரங்கங்களில் எழும் மகிழ்ச்சி பொய்யானதல்ல. ஆயினும் 60,000 இருக்கைகளைத் துடைத்துப் பராமரிக்கும் செலவு ஆண்டு முழுவதும் வாங்கியவர் தலையில்தான் விழுகிறது. பக்கத்துத் தெருவில் வெறுங்காலோடு ஆடும் சிறுமிக்கு அந்த வாயில் திறப்பதில்லை. அரங்கத்தை நட்புறவின் கணக்கில் எழுதலாம். வளர்ச்சிக் கணக்கில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

சர்வதேசத் தீர்மானங்களின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். யுனெஸ்கோ 1978இல் உடற்கல்வியையும் விளையாட்டையும் அடிப்படை உரிமை என்று சாசனத்தில் எழுதியது. 2003 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை 58/5ஆம் தீர்மானத்தால் விளையாட்டைக் கல்வி, உடல்நலம், வளர்ச்சி, அமைதி ஆகியவற்றுக்கான வழி என ஏற்றது. 2005 உலக விளையாட்டு, உடற்கல்வி ஆண்டு. ஏப்ரல் 6 வளர்ச்சிக்கும் அமைதிக்குமான விளையாட்டின் உலக நாள். 2015இன் நீடித்த வளர்ச்சி ஆவணத்திலும் ஒரு பத்தி உண்டு. இதற்கென்றே ஐ.நா. நடத்திவந்த தனி அலுவலகம் 2017இல் மூடப்பட்டது. தீர்மானத்துக்குக் குறைவில்லை. தீர்மானத்துக்கும் திடலுக்கும் இடையிலுள்ள தூரம்தான் குறையவில்லை.

3. மத்தாரே: விதி முதலில், பணம் பிறகு

கென்யத் தலைநகர் நைரோபியின் மையத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் மத்தாரே பள்ளத்தாக்கு இருக்கிறது. தகரமும் மண்ணுமாக நெருக்கிக் கட்டிய குடிசைகள். ஆறு என்று பெயருக்குச் சொல்லலாம், ஓடுவது சாக்கடை. குப்பை வண்டி எட்டிப் பார்க்காத இடம் என்பதால் மழை வந்தால் கால்வாய் அடைத்துக்கொண்டு அழுக்கு நீர் வீட்டுக்குள் வரும், பின்னாலேயே நோயும் வரும்.

அங்கே பிள்ளைகள் தாங்களே செய்து ஆடும் பந்துக்கு ஜுவாலா என்று பெயர். ஸ்வாஹிலியில் அந்தச் சொல்லுக்குப் பிளாஸ்டிக் பை என்று பொருள். கிழிந்த பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்து, கையால் அழுத்தி உருட்டி, மேலே கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் வலைபோலச் சுற்றி முடிச்சிடுவார்கள். அதே குப்பைதான் கால்வாயை அடைக்கிறது, அதே குப்பைதான் பந்தாகவும் உருள்கிறது. மத்தாரே இளைஞர் விளையாட்டுச் சங்கத்தின் கதை முழுவதும் இந்த ஒரு பந்துக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

ஐ.நா. பணிகளுக்காக நைரோபியில் இருந்த கனடாக்காரர் பாப் மன்ரோ, 1987இல் அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு கால்பந்து லீக்கைத் தொடங்க உதவினார்; அந்தச் சங்கம் பிறந்தது அப்படித்தான். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். நீங்கள் ஏதாவது செய்தால் நானும் செய்வேன், நீங்கள் செய்யாவிட்டால் நானும் இல்லை என்பதே அது. விரைவிலேயே தெருக்களைச் சுத்தம் செய்யும் வேலை லீக்கோடு இணைந்தது. இணைந்த விதம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம்.

ஆட்டத்தில் வென்றால் 3 புள்ளி. குப்பை அள்ளும் பணியை அணியாகச் சேர்ந்து முடித்தால் 6 புள்ளி. இரண்டும் ஒரே புள்ளிப் பட்டியலில் ஏறும். ஆக, இரண்டு வெற்றிக்குச் சமம் ஒரு நாள் குப்பை. எல்லா ஆட்டத்திலும் வென்றுவிட்டு மண்வெட்டியைத் தொடாத அணி பட்டியலில் கீழே சரியும். பதினொரு பேரும் மண்வெட்டியும் வாரியும் எடுத்துக்கொண்டு கால்வாய் ஓரம் இறங்கும் காட்சியை வெளியாள் தொண்டு என்று நினைக்கலாம். அவர்களுக்கு அது லீக் ஆட்டம். ஊரைச் சுத்தமாக வைத்திருங்கள் என்று சுவரில் எழுதி வைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை வளர்ச்சித் துறையில் இருப்பவர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

இதே கைத்திறன் மற்ற விதிகளிலும் இருக்கிறது. சிவப்பு அட்டை வாங்கியவன் தண்டனையாகச் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. சிறுவர்களின் ஆட்டங்களுக்கு நடுவராக நின்று முடித்த பிறகே தன் அணிக்குத் திரும்பலாம். தீர்ப்பை எதிர்த்துக் கத்தியவன் கையில் விசிலைக் கொடுத்து, பத்து வயதுப் பிள்ளைகள் தன்னை எதிர்த்துக் கத்துவதைக் கேட்கவைப்பது எந்த அறவுரையையும்விட ஆழமாகப் போகும். நற்பண்போடு ஆடியவருக்குப் பச்சை அட்டை உண்டு. பயிற்சி கொடுத்தல், நடுவராக நிற்றல், சுத்தப் பணி எல்லாவற்றுக்கும் இளைஞர்கள் தனித்தனியே புள்ளி சேர்க்கலாம். அதன் பலன் கல்வி உதவித்தொகையாக நேரே பள்ளிக்குச் செல்லும். சங்கத்தை நடத்துபவர்களும் திடலிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படும் இளையவர்கள்தாம். சென்னையின் வியாசர்பாடித் தெருக்களில் கால்பந்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அண்ணன்மார் தம்பிகளை வளர்த்தெடுக்கும் இந்த முறை அந்நியமாகத் தெரியாது.

1992இல் பெண் பிள்ளைகளுக்கும் லீக் வந்தது. அதே ஆண்டு ரியோ புவி உச்சிமாநாட்டில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருது சங்கத்துக்குக் கிடைத்தது. 1994இல் உருவான மத்தாரே யுனைடெட் அணி, 2008இல் கென்யாவின் பிரீமியர் லீக் கோப்பையை வென்றது. அந்த அணியின் ஆட்டக்காரர்களும் ஊர்ப்பணி செய்தாக வேண்டும் என்பது நிபந்தனை.

நார்வே இதில் நீண்டகாலத் துணை. அதன் உதவி குப்பை வண்டிகளாகவும், ஓஸ்லோவில் நடக்கும் நார்வே கோப்பைக்குப் பிள்ளைகள் போய் ஆடும் வாய்ப்பாகவும் வந்தது. கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் திடலில் விதி இருந்தது, அந்த விதியைக் காப்பாற்றும் பிள்ளைகள் இருந்தார்கள். பணம் பிறகு வந்தது. பெரும்பாலான திட்டங்களில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. பணம் வந்துவிட்டது, இனி ஆளைத் தேடு, விதியை எழுது என்று தொடங்குகிறார்கள்.

4. பெண் பிள்ளைகளும் நேரமும்

கென்யாவின் கடற்கரை மாவட்டமான கிலிஃபியில், மூவிங் த கோல்போஸ்ட்ஸ் என்ற அமைப்பு இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து நடத்துகிறது. அங்கே முதல் தடை பணமல்ல, நேரம். தண்ணீர் எடுக்க வேண்டும், விறகு கொண்டுவர வேண்டும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருட்டுவதற்குள் வீடு திரும்பாவிட்டால் மறுநாள் திடலுக்கு அனுமதி கிடைக்காது. அண்ணன் மாலையில் பந்தோடு கிளம்பும்போது யாரும் ஏனென்று கேட்பதில்லை. அவள் கிளம்பும்போது வீடே நின்று கேட்கிறது. ஆகவே பயிற்சி நேரத்தை நிர்ணயிப்பதே அங்கே ஓர் அரசியல் செயல். பெண்களே பயிற்றுநராக, நடுவராக, முதலுதவியாளராக, குழு உறுப்பினராக நிற்பதால், பெற்றோர் யாரிடம் போய்க் கேட்பது என்று தவிக்க வேண்டியதில்லை. மாதவிடாய் நாளில் விளையாடுவது பற்றிய பேச்சையும் தாயிடம் சொல்லத் தயங்கும் பெண், பயிற்றுநர் அக்காவிடம் சொல்வாள். அந்த அக்கா மருத்துவப் பணியாளர் அல்ல. ஆனால் வாரந்தோறும் வருகிறவள். சுகாதாரத் துறை எவ்வளவு செலவிட்டும் வாங்க முடியாத உறவு அது.

காபூலில் நடந்தது இன்னொரு வகை. 2007இல் ஆஸ்திரேலியர் ஆலிவர் பெர்கோவிச் அங்கே தொடங்கிய ஸ்கேட்டிஸ்தான், சறுக்குப்பலகையைக் கற்றுக்கொடுத்தது. பெண் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதும் திறந்தவெளியில் ஆடுவதும் தடைப்பட்டிருந்த ஊரில், சறுக்குப்பலகை ஆணுக்குரியதென்று யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. புதுப் பொருளுக்குப் பழைய தடை கிடையாது. அந்தச் சிறு இடைவெளி வழியே நூற்றுக்கணக்கான சிறுமிகள் உள்ளே வந்தார்கள், வந்த இடத்தில் படிக்கவும் தொடங்கினார்கள். வகுப்பறையும் சறுக்குத் தளமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 2021 ஆகஸ்டில் தாலிபான் திரும்பியதும் பெண்களின் விளையாட்டுக்கு நாடெங்கும் தடை விழுந்தது. அதனால் அதுவரை செலவிட்டது வீண் என்று ஒருவர் வாதிடலாம். அப்படியானால் அதே ஆண்டுகளில் பெண்களின் பள்ளிகளுக்குக் கொடுத்த பணமும் வீண் என்றாகிவிடும். எழுதப் படிக்கத் தெரிந்துகொண்ட பெண்ணிடமிருந்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எந்த ஆட்சியாலும் முடியவில்லையே.

5. சான்று எவ்வளவு தூரம் போகிறது

விளையாட்டை வளர்ச்சிக்கான மாமருந்து என்று விற்றவர்கள் அதற்குப் பெரும் தீங்கு செய்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் ஆய்வாளர் ஃபிரெட் கோல்ட்டர் பல ஆண்டுகளாக இதைத்தான் எச்சரிக்கிறார். ஒரு பிள்ளையின் தன்னம்பிக்கை கூடியதை அளந்துவிட்டு, ஊரே மாறிவிட்டது என்று அறிக்கை எழுதுகிறார்கள். விளையாட்டு தானாகவே நன்மை செய்யும் என்று நம்புகிறார்கள். எந்தச் சூழலில், எந்த வழியில், யாருக்கு என்று கேட்பதில்லை. அவருடைய கண்டிப்பு எனக்கு உடன்பாடு. அண்மை ஆண்டுகளின் கள ஆய்வுகள் அந்தக் கண்டிப்புக்கு ஈடுகொடுக்கும் தரத்தில் வந்திருப்பதால் அவற்றில் சற்று நின்று போகலாம்.

முதலாவது நம் நாட்டில் நடந்தது. பொருளியலாளர் மேட் லோ உத்தரப் பிரதேசத்தில் கிரிக்கெட் லீக்குகளை நடத்தி, வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்த 1,261 ஆண்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். யார் யாருடன் ஒரே அணியில், யார் யாருக்கு எதிராக என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார். 2021இல் வெளியான முடிவு இரண்டு முனை கொண்டது. வேறு சாதியாரோடு ஒரே அணியில் ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது, தன் சாதிக்காரனுக்கே சாதகம் செய்யும் போக்கு குறைந்தது. வேறு சாதியாரை எதிரணியில் மட்டும் சந்தித்தவர்களிடம் பெரும்பாலும் நேர்மாறான விளைவு. இதன் கனத்தை உணர வேண்டும். நல்லிணக்கப் போட்டி என்று பெயர் வைத்து, இந்த ஊர் அணிக்கு எதிராக அந்த ஊர் அணியை, இந்த இனத்துக்கு எதிராக அந்த இனத்தை நிறுத்திவிட்டு, கடைசியில் எல்லோரும் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சிகளுக்கு உதவிப் பணம் எத்தனை முறை போயிருக்கிறது! போர் முடிந்த நிலங்களில் இப்படிப்பட்ட ஒரு நாள் விழாக்கள் ஆறுதலைவிடக் காயத்தையே மிச்சம் வைத்திருக்கக்கூடும்.

இரண்டாவது, சல்மா மூசா வடக்கு ஈராக்கில் செய்தது; 2020இல் சயன்ஸ் இதழில் வந்தது. ஐ.எஸ். கொடுமையால் ஊரைவிட்டு ஓடிய கிறித்தவர்களின் கால்பந்து அணிகளில் சிலவற்றில் மட்டும் குலுக்கல் முறையில் முஸ்லிம் ஆட்டக்காரர்கள் சேர்க்கப்பட்டனர். கலப்பு அணியில் ஆடிய கிறித்தவர்கள், அடுத்த பருவத்துக்கும் கலப்பு அணியில் பெயர் கொடுக்க முன்வந்தார்கள். வேறு அணியின் முஸ்லிம் ஆட்டக்காரருக்கு நற்பண்பு விருதுக்காக வாக்களித்தார்கள். ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்தார்கள். ஆனால் திடலுக்கு வெளியே, முகம் தெரியாத முஸ்லிம்கள் மீதான நடத்தையில் தெளிவான மாற்றம் இல்லை. திடலில் பிறந்த நம்பிக்கை திடலின் எல்லைக் கோட்டில் நின்றுவிட்டது. இதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அகதியாகி ஊர் திரும்பிய ஒருவன் ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம் ஒருவனோடு பந்தாடுகிறான் என்றால் அது ஒரு பெரிய விஷயம். இதை ஊரின் அமைதி என்று அறிக்கையில் எழுதுவதுதான் தவறு.

மூன்றாவது, ஜிம்பாப்வேயின் புலவாயோ. எச்.ஐ.வி. தொற்று வாய்ப்பைக் குறைக்கும் என்பதால் ஆண்களுக்கு நுனித்தோல் நீக்கும் சிகிச்சையை மருத்துவர்கள் பரிந்துரைத்தார்கள். யாரும் எளிதில் முன்வரவில்லை. 2002இல் அங்கே தொடங்கிய கிராஸ்ரூட் சாக்கர் அமைப்பு, பள்ளி மாணவர்களுக்குக் கால்பந்து வழியே ஒரு மணி நேர வகுப்பு நடத்தியது. நடத்திய பயிற்றுநர் அந்தச் சிகிச்சையைத் தானே செய்துகொண்டவர். தன் கதையை ஒளிக்காமல் சொல்வார், பிறகு கைப்பேசியில் விசாரிப்பார், மருத்துவமனைக்குக் கூடவே வருவார். அந்த வகுப்பில் இருந்த மாணவர்களில் 100க்குச் சுமார் 12 பேர் சிகிச்சைக்குப் போனார்கள். மற்றவர்களில் 5 பேர்கூட இல்லை. எண் சிறிது, ஆனால் இரண்டு மடங்குக்கும் மேல். இங்கே பந்து செய்தது என்ன? பயிற்றுநரிடம் பிள்ளைகள் காது கொடுக்கும் நிலையை உண்டாக்கியது. மீதியை அவர் செய்தார்.

6. பசியும் பந்தும்

நார்வேயின் பனித்தள விரைவுச் சறுக்கு வீரர் யோஹான் ஓலாவ் கோஸ் 1993இல் எரித்ரியாவுக்குப் போனார். அங்கே சிறுவர்கள் ஒருவனுடைய நீளக்கைச் சட்டையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களின் சட்டைக்குக் கட்டுவதற்குக் கை போதாது. அடுத்த ஆண்டு லில்லெஹாமர் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றவர், ஒலிம்பிக் எய்ட் நிதிக்குப் பணம் திரட்டி, விளையாட்டுப் பொருள்களோடு அங்கே திரும்பினார். உணவில்லாத நாட்டுக்குப் பந்தா என்று நார்வேயில் ஏசினார்கள். எரித்ரியத் தலைவரோ, எங்களை உயிர் வாழ்ந்தால் போதும் என்று நினைக்காமல் மனிதராக மதித்த கொடை இது என்ற பொருளில் நன்றி சொன்னதாகக் கோஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். பின்னாளில் ரைட் டு ப்ளே என்று வளர்ந்த அமைப்பின் தொடக்கம் அது.

இந்தக் கதையை நான் மதிக்கிறேன், ஆனால் இதிலேயே நிற்க மாட்டேன். விமானத்தில் வந்த பந்து ஓராண்டில் கிழிந்துவிடும். பசியா பந்தா என்று எதிரெதிரே நிறுத்துவதே பிழை என்பதற்கு மத்தாரே சான்று: அங்கே பந்தோடு சேர்ந்து வந்தது கால்வாய்ச் சுத்தம், பள்ளிக் கட்டணம், பத்து வயதுப் பிள்ளைகளை நடத்தத் தெரிந்த பதினாறு வயது இளைஞன்.

7. பணம் யார் கையில் நிற்க வேண்டும்

விளையாட்டு உதவித் திட்டங்களில் வழக்கமாக எளிதில் ஒப்புதல் பெறும் செலவுகளைப் பாருங்கள். சீருடை, கொடையாளரின் சின்னம் பதித்த பனியன், தொடக்க விழா, பயிலரங்கு, இறுதிப் போட்டி, மதிப்பீட்டு அறிக்கை. இவை எல்லாம் படமெடுக்க முடிபவை. பயிற்றுநரின் மாதச் சம்பளத்தைப் படமெடுக்க முடியாது. அதனால் அவருக்குத் தொண்டர் என்று பெயர் வைத்துப் போக்குவரத்துச் செலவை மட்டும் கையில் கொடுக்கிறார்கள். அவருக்கு இருபத்திரண்டு வயதாகிறது, வீட்டில் காசு கேட்கிறார்கள், ஒரு நாள் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு ஓட்டப் போய்விடுகிறார். திடலில் பந்து இருக்கிறது, பிள்ளைகளும் வருகிறார்கள். ஆனால் புலவாயோவில் வேலை செய்த அந்தக் காதுகொடுத்தல் போய்விட்டது. அடுத்த திட்டம் மறுபடி முதலிலிருந்து.

ஆகவே நிதி கொடுப்பவர் முதலில் ஏற்க வேண்டிய செலவு இந்தச் சம்பளம். இரண்டாண்டு மூன்றாண்டு என்று துண்டு போடாமல், ஒரு பிள்ளை ஏழு வயதில் வந்து பதினேழில் பயிற்றுநராக மாறும் காலத்தை அளவாகக் கொள்ள வேண்டும். அதற்கடுத்தது திடலின் நிலம். குடிசைப் பகுதியில் காலி இடம் என்றாலே யாரோ ஒருவர் கண் வைத்திருப்பார். அந்த நிலத்தை ஊர்ப் பொதுவென்று பதிவுசெய்யும் வழக்குச் செலவுக்குக் கொடுப்பது, புதிதாகப் புல் விரிப்பதைவிட மேல். அணிகளை எப்படிப் பிரிப்பது என்பதிலும் கொடையாளருக்கு ஒரு சொல் உண்டு. உத்தரப் பிரதேச ஆய்வுக்குப் பிறகும் சமூகத்துக்கொரு அணி என்று பிரிப்பவர்களுக்குப் பணம் தரக் கூடாது. புள்ளிப் பட்டியலில் எதை ஏற்றுவது என்பதை மட்டும் ஊராரிடமே விட்டுவிட வேண்டும். மத்தாரேயில் அது குப்பை. வேறோர் ஊரில் கிணறாக இருக்கலாம், இரவுப் பள்ளியாக இருக்கலாம். வெளியூர் ஆலோசகருக்கு அது தெரியாது.

இன்றுள்ள விண்ணப்பப் படிவங்கள் எத்தனை பிள்ளைகள் பயனடைவார்கள் என்ற கேள்வியோடு தொடங்குகின்றன. நான் ஒரு படிவம் எழுதுவதானால் முதல் கேள்வி இப்படி இருக்கும்: திட்டம் முடிந்த மறுநாள் மாலை நான்கு மணிக்கு இந்தத் திடலில் விசில் யார் கையில் இருக்கும், அந்த மாதம் அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பார்?